பிள்ளை முதுகுப்பையோடு புறப்படும்போது

பள்ளிப் படிப்பு முடிந்ததும் முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஆசிய நாடுகளைச் சுற்றிவருவது யேர்மனிய இளையோரிடம் வழக்கம். எர்லாங்கனில் வளரும் எமது பிள்ளைகளும் இப்போது அதைக் கேட்கிறார்கள். "தனியவோ? ஆரோடு தங்குவாய்?" என்று நாங்கள் பயப்படுகிறோம். பயம் நியாயமானதுதான். ஆனால் மறிப்பதைவிட, பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று யோசிப்பது பயன் தரும்.

மலிவு விடுதியில் ஓர் அறைக்குள் ஆறு, எட்டுக் கட்டில்கள் இருக்கும். அங்கு முதலில் எழும் கேள்வி, "நீ எந்த ஊர்?" "யேர்மனி" என்றால் பலர் விடமாட்டார்கள், "அதற்கு முன்னர்?" என்பார்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. அங்குள்ள பழங்கோயில்கள் அந்தப் பதிலுக்குத் துணை செய்யும்.

கம்போடியாவின் அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அதன் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஏறத்தாழ 49 மீற்றர் நீளத்துக்குத் தேவரும் அசுரரும் பாற்கடல் கடைகிறார்கள். கூட வந்த ஸ்பானியப் பிள்ளைக்கோ யப்பானியப் பிள்ளைக்கோ அது வெறும் சிற்பம். அம்மம்மாவிடம் கதை கேட்ட எமது பிள்ளை, பாம்பு ஏன் கயிறானது, நஞ்சை யார் உண்டார் என்று சொல்லலாம். நட்பு அங்கேயே தொடங்கிவிடும்.

இந்தோனேசியாவின் பிரம்பனான் 9ஆம் நூற்றாண்டுக்குரியது. 47 மீற்றர் உயரமான அதன் சிவன் கோயிலில் தெற்கு அறையில் நிற்பவர் அகத்தியர். வியட்நாமின் மீசோன் சாம் மன்னர்களின் சிவத்தலம். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல கோபுரங்கள் சிதைந்தன. போரில் கோயில்கள் இடிந்ததைக் கண்ட எம்மவருக்கு அந்தச் செங்கல் குவியல் புதிதல்ல.

ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். "அங்கோரைக் கட்டியது தமிழன்" என்று பரவும் கதை உண்மையல்ல. அதைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். எமது வணிகர் அந்தக் கடல்களில் போனதற்கு வேறு சான்றுகள் உள்ளன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விடப்பட்ட ஒரு குளத்தைப் பற்றிச் சொல்கிறது. சுமாத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. உள்ளதைச் சொன்னால் போதும். கெமர் நண்பனின் முன் அவனுடைய கோயிலுக்கு உரிமை கோரினால் நட்பு முறியும். அவனுடைய பெற்றோர் 1975 முதல் 1979 வரை பொல்பொட் ஆட்சியில் தப்பியவர்களாகவோ, எல்லை முகாமில் இருந்தவர்களாகவோ இருக்கலாம். முகாம் வாழ்க்கை பற்றி வீட்டில் கேட்டறிந்த பிள்ளைக்கு அவனோடு பேச நிறைய உண்டு.

சில நடைமுறை விடயங்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 அமெரிக்க டொலர். ஒரு நாள் கூடுதலாக நிற்பதாக இருந்தாலே மூன்று நாள் சீட்டுத்தான் இலாபம். அதில் படம் பதிவதால் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. துக்துக் வாடகையை நான்கு பேராகப் பிரிக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அங்கு இன்றும் பௌத்தர்கள் வழிபடுகிறார்கள்.

யேர்மனியக் கடவுச்சீட்டுக்குக் கிடைக்கும் விசாச் சலுகை, 1951 ஜெனீவா உடன்படிக்கையின் கீழான அகதிப் பயண ஆவணத்துக்கும் உண்டு என்று எண்ணவேண்டாம். விமானச்சீட்டு வாங்கமுன் அந்தந்தத் தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள். அந்த ஆவணம், விட்டு ஓடிவந்த நாட்டுக்குச் செல்லாது. அதனால் எங்களில் பலர் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணேச்சரத்தையும் நீண்டகாலம் படத்தில்தான் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. பாற்கடல் கதையும் அகத்தியர் கதையும் இன்னும் சொல்லவில்லையென்றால், புறப்படமுன் ஓர் இரவு இருத்திவைத்துச் சொல்லி அனுப்புங்கள்.