தீயணைப்போரும் திசு வங்கியும்

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயை அடக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களுள் 66 பேர் மாண்டனர். அந்நாளே இன்றும் நாடெங்கும் தீயணைப்புச் சேவை தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. தீயின் முன்னிலையில் நேரும் மரணத்திற்கு நாளும் கணக்கும் உண்டு. ஆனால், நச்சுப் புகையைச் சுவாசித்து வீடு திரும்பிய ஒருவருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தோன்றும் புற்றுநோயை எந்தத் தீயின் கணக்கில் எழுதுவது?

தீயணைக்கும் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதென்று 2022-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. நுரையீரலின் உறையில் தோன்றும் மீசோதீலியோமாவிற்கும் சிறுநீர்ப்பைப் புற்றிற்கும் போதிய சான்று உள்ளதெனவும் அது கூறியது. எனினும் இம்முடிவு தொழிலைப் பற்றியதேயன்றி, தனி ஒருவரின் நோயைப் பற்றியதன்று. அதனை அறியும் பொருட்டு அவர் உடலின் திசுவையே நாட வேண்டியிருக்கிறது.

சிகிச்சையின்போது அகற்றப்படும் கட்டியின் ஒரு சிறு பகுதி ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகுப் பாளத்தில் பதிக்கப்படுகிறது. இத்தகைய பாளம் சாதாரண அறை வெப்பநிலையிலேயே பல்லாண்டுகள் கெடாதிருக்கும். மரபணு ஆராய்ச்சிக்கு மேலும் உகந்தது, உடனே உறைய வைத்து, பூஜ்யத்திற்குக் கீழ் 80 டிகிரி சென்டிகிரேடிலோ, திரவ நைட்ரஜனிலோ வைக்கப்படும் திசு. புகையிலைப் புகை நுரையீரல் உயிரணுக்களின் மரபணுவில் தனக்கே உரிய ஒருவகைச் சிதைவை விட்டுச் செல்கிறது. கல்நார் இழைகளோ நுரையீரலிலேயே தங்கிவிடுகின்றன. எல்லா நஞ்சும் இவ்வாறு அடையாளம் விட்டுச் செல்வதில்லை என்பதையும் மறத்தலாகாது.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதிக்குப் பின் நியூயார்க் நகரில் இடிபாடுகளிடையே உழைத்தோருக்காக மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் இத்தகைய வங்கி ஒன்று அமைந்தது. அதன் முறை எளியது. புற்றுநோய் கண்டவரின் சம்மதத்தைப் பெற்று, அவருக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த மெழுகுப் பாளம் வரவழைக்கப்பட்டது. இவ்வாறு கிடைத்த புராஸ்டேட் சுரப்பிக் கட்டிகளை ஆராய்ந்ததில், அழற்சி தொடர்பான மரபணுக்கள் மிகையாக இயங்கியமை 2019-இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட கட்டிகள் சிலவே. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஆராய்ச்சி செல்ல வேண்டிய திசையைக் காட்டுவதாகக் கொள்வதே பொருந்தும்.

மும்பையில் இதற்கான அடிப்படை இல்லாமலில்லை. பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசியக் கட்டித் திசுக் களஞ்சியம் அமைந்துள்ளது. நாட்டின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடும் 1963-இல் இந்நகரிலேயே தொடங்கிற்று. ஆயினும் எந்த மருத்துவமனையும் தானாக அறிய இயலாத செய்தி ஒன்றுண்டு. அது, நோயாளி எந்தத் தீயில், எத்தனை மணி நேரம், முகமூடியுடனா அன்றி அஃது இன்றியா நின்றார் என்பதாம். செம்பூரை அடுத்த மாஹுலில், 2018 ஆகஸ்டு 8-ஆம் தேதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. எண்ணெய்த் தீயில் பென்ஸீன் வெளிப்படலாம். பிளாஸ்டிக் கழிவுகள் மலைபோல் குவியும் தாராவியில் தீப்பற்றினால் டயாக்ஸின் முதலிய நஞ்சுகள் தோன்றும். கூரைத் தகடுகள் வெடித்தால் கல்நார்த் தூசியும் பரவும். இரண்டும் தீதான், ஆனால் உடலுக்குள் செல்லும் பொருள்கள் வேறு. அன்றன்று எழுதப்படாத இவ்விவரத்தை இருபது ஆண்டுகளுக்குப் பின் எவராலும் நினைவிலிருந்து சொல்ல முடியாது. அஃதின்றி, உறைபெட்டியில் எத்துணைச் சிறப்பாகக் காக்கப்பட்ட திசுவும் ஊமையே.

குறுகிய சந்துகளில் வண்டி நுழையுமுன்னரே வாளியும் மணலுமாக ஓடி வருவோர் அண்டை அயலார். நிலையப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் பணிபுரியும் சுகாதார ஊழியர் இவர்களையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல் பெரிதும் பயன் தரும்.

இந்நாட்டில் போபால் தந்த அனுபவமும் உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு நச்சுவாயு பரவியபின், பிரேதப் பரிசோதனைகளில் எடுத்துக் காக்கப்பட்ட உறுப்புப் பகுதிகளைக் கொண்டே வாயுவின் தன்மை பின்னர் ஆராயப்பட்டது. அங்கே புற்றுநோய்ப் பதிவேடு 1986-இல் தொடங்கிற்று.

திசுவைக் கேட்கச் செல்பவர், அது எதற்கு, எங்கே வைக்கப்படும், பெயர் எவ்வாறு மறைக்கப்படும் என்பவற்றை நோயாளியின் தாய்மொழியில் விளக்குதல் அவசியம். சம்மதத்தைப் பின்னர் வாபஸ் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகள் அவருக்கு அளிக்கின்றன. மறுத்தவருக்குச் சிகிச்சையில் எவ்விதக் குறைவும் நேராது என்பதையும், கையொப்பம் பெறுமுன்னரே கூறிவிட வேண்டும்.