வீட்டில் நாயும் உண்டு, குழந்தையும் உண்டு... அசல் நாட்டுக்கோழி வளர்க்கலாமா? முதலில் கூண்டு, அப்புறம் கோழி!

திண்டுக்கல்:

வியாழக்கிழமை விடிந்தால் போதும், அய்யலூர் சந்தையில் ஆட்டுக்குக் கூடுகிற கூட்டம் கோழிக்கும் கூடிவிடும். ஒரு பக்கம் கக்கத்தில் இடுக்கிய சேவல்கள். இன்னொரு பக்கம் கூடைக்குள் 'கீச் கீச்' என்று கத்தும் குஞ்சுகள். கூட வந்த பிள்ளை "அப்பா, எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தால் எந்த அப்பாவுக்கும் மனசு இளகத்தான் செய்யும். ஜோடியாக வாங்கி, தலை மட்டும் வெளியே தெரிய மஞ்சள் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்.

வினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். வாசலில் நாய் காதை விடைத்துக்கொண்டு நிற்கும். அன்றைய ராத்திரிக்கு ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். காலையில் பார்த்தால் கூடை ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் கிடக்கும். மிச்சம் இறகுதான். பிள்ளை அழும். நாய்க்கு அடி விழும். உண்மையில் நாய் மீது தப்பில்லை. கூண்டு இல்லாத வீட்டுக்குக் கோழியைக் கொண்டுவந்தவர் மீதுதான் தப்பு.

கறிக்கு வாங்கிய கோழி போனால் மறுவாரம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகக் கலக்காமல் காப்பாற்றி வந்த அசல் கோழி போனால், அதே ரத்தத்தில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் அனுபவசாலிகள் கூண்டு கட்டி முடித்த பிறகே கோழிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

எது அசல்?

தமிழ்நாட்டில் நாட்டுக்கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சிறுவிடைக் கோழி சுமார் ஒன்றரை கிலோ வரும். வளைய வளைய வந்து தானே இரை பொறுக்கும். அடைக்கு உட்கார்ந்தால் 21 நாளும் அசையாது. குஞ்சைக் கண்போல் காக்கும்.

பெருவிடை உயரமானது. கழுத்தும் காலும் நீண்டிருக்கும். நல்ல சேவல் 4 கிலோவைத் தாண்டும். இதை 'அசில்' இனம் என்பார்கள். அசில் என்றாலே கலப்பில்லாதது என்றுதான் அர்த்தம். இது முட்டை குறைவாகவே இடும். அந்த முட்டைகளைச் சிலர் சிறுவிடைக் கோழிக்கு அடை வைத்துக் குஞ்சு எடுப்பதும் உண்டு. காகம், மயில், வல்லூறு, கீரி என்று இறகு நிறத்தை வைத்துப் பெயர் சொல்லுவார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் பெயர் பெற்ற கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களை அழகுக்காகவே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்புக் கறிக்குப் பேர்போன கடக்நாத் என்னும் கருங்கோழி மத்திய பிரதேச மாநிலம் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. 2018-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வனராஜா, கிரிராஜா, நந்தனம் கோழி என்று விற்பவையும் பார்க்க நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். இவை ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கியவை. கறிக்கும் முட்டைக்கும் நல்ல ரகம்தான். ஆனால் அசல் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் உஷார். தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிற கலர் குஞ்சு எதிலும் சேர்த்தி இல்லை. பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பண்ணையில் வேண்டாம் என்று கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். பல குஞ்சுகள் நாலு நாளில் செத்துப்போகும். பிள்ளைதான் ஏங்கிப் போகும்.

குஞ்சாக வாங்கினால் தாய்க்கோழியையும் சேவலையும் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கலக்காமல் இருக்க

தெருச் சேவல் ஒருமுறை வேலி தாண்டி வந்தாலே போதும், கதை கெட்டுவிடும். சேவலோடு சேர்ந்த கோழி அதற்கு அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேலும் கரு கூடிய முட்டை இடும். அதனால் அசல் குஞ்சு வேண்டும் என்றால் கோழியை 3 முதல் 4 வாரம் தனியாக அடைத்துவைக்க வேண்டும். அப்புறம் அதே இனச் சேவலோடு விட்டு, சில நாள் கழித்து இடும் முட்டைகளை அடைக்கு எடுத்துக்கொள்ளலாம். நடுவில் இடுகிற முட்டையைக் குழந்தைகளுக்கு அவித்துக் கொடுக்கலாம்.

அண்ணன் தங்கையாகப் பிறந்தவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் குஞ்சு நோஞ்சானாகும். ஓரிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே இனம் வைத்திருக்கும் வேறு ஆளிடம் சேவலை மாற்றிக்கொள்வது வழக்கம்.

கூண்டு எப்படி?

அந்தக் காலத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தார்கள். பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அடைக்க இப்போதும் அது போதும். நாய் இருக்கும் வீட்டில் ராத்திரிக்குப் பஞ்சாரம் தாங்காது.

கடையில் கிடைக்கும் மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். பசியோடு வரும் நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். வெல்டிங் செய்த கம்பி வலையாக வாங்க வேண்டும். கீழ்ப்பக்கம் அரை அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிட்டால் கீரியும் பெருச்சாளியும் தோண்டி நுழையாது. ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது இடம் வேண்டும். உள்ளே ஏறி உட்காரக் கம்பு, மேலே மழை ஒழுகாத கூரை, கதவுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு ஒரு கொக்கி. வெறும் தாழ்ப்பாளைப் பிள்ளையும் திறக்கும், நாயும் மூக்கால் தள்ளும்.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு தேவை. வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். இதற்குப் பழைய குண்டு பல்புதான் போட வேண்டும். எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. வயரும் பல்பும் குழந்தை கைக்கும் பூனை வாய்க்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வைக்கோல் மேல் பல்பு விழுந்தால் தீப்பிடித்துவிடும்.

நாய் இருந்தால்...

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குப் பேர்போனவை. ராஜபாளையமும் வேட்டை நாய்தான். எது ஓடினாலும் துரத்துவது அவற்றின் ரத்தத்திலேயே ஊறியது. கோழி படபடவென்று சிறகடித்து ஓடினால், சாதுவான நாயும் ஒரு நிமிடத்தில் வேட்டை நாயாகிவிடும்.

பழக்குவதற்கு வழி உண்டு. முதல் இரண்டு, மூன்று வாரம் கோழி கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். நாய் வெளியிலிருந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சும்மா படுத்தால் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துத் தட்டிக் கொடுங்கள். அடுத்து, நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கோழியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். சங்கிலியை இழுத்தால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்த நாய் சீக்கிரம் பழகும். எவ்வளவு பழகினாலும் வீட்டில் ஆள் இல்லாதபோது இரண்டையும் ஒன்றாக விட்டுப் போகக்கூடாது.

முக்கியமான இன்னொரு விஷயம். கோழி அறுத்த கழிவையும், செத்த கோழியையும் நாய்க்கு எறியாதீர்கள். ருசி கண்ட நாயைத் திருத்துவது கஷ்டம். நோயும் வரும். செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

கோழி உடம்பில் ஒட்டும் செள்ளு, நாய், பூனையின் காதிலும் போய் ஒட்டும். அதற்காகப் பூச்சிமருந்தை அள்ளித் தெளித்துவிடக் கூடாது. அதே தரையில்தான் குழந்தை தவழ்கிறது. கால்நடை டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள். நாய்க்கு வெறிநாய்க்கடி தடுப்பூசியும், பூச்சி மருந்தும் தவறாமல் கொடுத்திருக்க வேண்டும்.

பூனை, வளர்ந்த கோழியிடம் அவ்வளவாகப் போகாது. குஞ்சு என்றால் விடாது. இரண்டு மாதம் ஆகும்வரை குஞ்சுகள் வலைக்குள் இருப்பதே நல்லது. மேலேயும் வலை போட்டால் பருந்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு...

பெருவிடைச் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால்தான் பாயும். வளர்த்தவர் கையில் சாதுவாக இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் முகமும் சேவலின் அலகும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரு கொத்து கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். காலில் உள்ள முள்ளும் ஆபத்து. குஞ்சு பொரித்த தாய்க்கோழி, பக்கத்தில் யார் வந்தாலும் பறந்து வந்து கொத்தும். அந்தச் சமயத்தில் சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் 'சால்மோனெல்லா' கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கு, காய்ச்சலைக் கொண்டுவரும். 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவது, முத்தம் கொடுப்பது கூடாது. கோழியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். கோழியைச் சமையலறைக்குள் விடக்கூடாது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டில் கோழி இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முட்டையில் சத்து உண்டு, சந்தேகமில்லை. அவித்தாலும் அந்தச் சத்து இருக்கும். கிருமிதான் சாகும்.

ஐந்து வயதுவரை பிள்ளை பார்த்து ரசிக்கட்டும். அதற்கு மேல் முட்டை பொறுக்கவும், தண்ணீர் ஊற்றவும் விடலாம். பத்து வயதுக்கு மேல், செருப்பு போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூண்டு கூட்டலாம்.

கழிச்சல் வந்தால் காலி

நாட்டுக்கோழிக்கு எமன் வெள்ளைக்கழிச்சல். 'ராணிக்கெட்' என்று டாக்டர்கள் சொல்லுவது இதைத்தான். ஒரு கோழிக்கு வந்தால் மொத்தமும் போய்விடும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். 8 வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இரு வார இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் தேதி சொல்லுவார்கள். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும்.

பறவைக் காய்ச்சல் 2006-ம் ஆண்டு மராட்டிய மாநிலம் நவாப்பூரில்தான் இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதர்களுக்கு வருவது மிக அபூர்வம். ஆனால் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆந்திராவில் 2 வயதுக் குழந்தை இந்தக் காய்ச்சலால் இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டை அந்தக் குழந்தை சாப்பிட்டிருந்ததாகத் தகவல் வெளியானது. அதே ஆண்டு தொடக்கத்தில் மத்திய பிரதேச மாநிலம் சிந்த்வாராவில் வளர்ப்புப் பூனைகளுக்கும் இந்தக் கிருமி இருந்தது தெரியவந்தது. வேகவைத்த கறிக்கும் முட்டைக்கும் பயப்பட வேண்டாம். பச்சைக் கறி பிள்ளை கைக்கும் பூனை வாய்க்கும் போகக்கூடாது. கோழிகள் திடீரென்று கொத்துக் கொத்தாகச் செத்தால் வெறும் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சேவல் சண்டை

நல்ல சேவல் இருக்கிறது என்று தெரிந்தால் சண்டைக்குக் கேட்டு ஆள் வரும். பிராணிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கத்தி கட்டிய சேவல் பக்கத்தில் நிற்கும் ஆளையும் கிழித்துவிடும். பிள்ளை பேர் வைத்து வளர்த்த சேவலை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் ஒவ்வொரு கோழிக்கும் பேர் வைத்துவிடும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து 'என் கருப்பன் எங்கே?' என்று கேட்கும்போது அடுப்பில் குழம்பு கொதித்தால், அந்தப் பிள்ளை ரொம்ப நாளைக்கு மறக்காது. எது கறிக்கு, எது குலசாமிக்கு நேர்ந்து விட்டது, எது வளர்ப்புக்கு என்று வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. வளர்ப்புக்கு என்று சொன்னதன் மேல் அப்புறம் கைவைக்கக் கூடாது. அசல் இனம் காப்பாற்றுகிற வீட்டில் அப்படி ஒரு ஜோடி எப்போதும் இருந்தாக வேண்டும்.

நாயும் குழந்தையும் கோழியும் ஒரே வாசலில் இருக்கலாம். நம் ஊர்த் திண்ணை வீடுகளில் காலங்காலமாக இருந்தவைதான். என்ன, ராத்திரி படுக்கப் போகும்முன் கூண்டுத் தாழ்ப்பாளில் கொக்கி மாட்டியாச்சா என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.