கேம்பாய்க்காரர்களின் அரட்டை: அன்றும் இன்றும்

1990களின் கடைசியில், நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய்க்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு எழுத ஆசைப்பட்டவருக்குக் கற்றுத்தர ஆளில்லை. நின்டெண்டோவின் கையேடு உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான். வெளியாட்களுக்கு இருந்த பெரிய புகலிடம் ஐஆர்சி. பின்லாந்தின் யார்க்கோ ஒய்காரினென் 1988-இல் உருவாக்கிய அரட்டை முறை அது. எம்ஐஆர்சி போன்ற மென்பொருளை நிறுவி, சர்வர் முகவரி கொடுத்து, ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு சேனலுக்குள் போக வேண்டும்.

போனால் வெறும் திரை. முன்பு யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு செய்திக்கு 512 பைட்டுக்கு மேல் இடமில்லை. நிரலை மொத்தமாக ஒட்டினால் சர்வரே வெளியே தள்ளிவிடும். கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை தெரிந்தவர் வேறொரு நாட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர் எழுந்து பதில் தரும் நேரத்தில் டயல்அப் அறுந்தால், அந்தப் பதிலும் போயிற்று.

அங்கே வந்த கேள்விகளில் அலுக்காத ஒன்று உண்டு: “எமுலேட்டரில் ஒழுங்காக ஓடுகிறது, நிஜக் கேம்பாயில் படம் சிதறுகிறது, ஏன்?” எமுலேட்டர் என்பது கணினியில் கேம்பாயைப் போல நடிக்கும் மென்பொருள். நிஜக் கேம்பாய் திரையை வரையும் ஒவ்வொரு முறையும் 154 வரிகளை எண்ணுகிறது. அதில் 144 வரிகள் திரைக்கு. மிச்சம் 10 வரிகளின் நேரம், ஒரு மில்லிநொடிக்குச் சற்றே கூடுதல், ஓய்வு. இது நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை நடக்கிறது. வரி வரையப்படும் நேரத்தில் பட நினைவகத்தில் எழுதினால் கருவி அதை ஏற்காது. அன்றைய எமுலேட்டர்கள் பலவும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் பிழை, நிரல் எழுதியவரின் கண்ணில் படாது. அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் சேனலில் சொன்னால்தான் விளங்கும்.

இன்று டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழுவில் சேர ஓர் இணைப்பைத் தட்டினால் போதும். பழைய உரையாடல் மேலே கிடக்கிறது, தேடலாம். அசெம்பிளி நிரல்மொழிக்கு ஓர் அறை, படங்களுக்கு ஓர் அறை, இசைக்கு ஓர் அறை. சிதறிய திரையைப் படமெடுத்துப் போட்டாலே பாதிக் கேள்வி கேட்டாயிற்று. சேம்பாய் போன்ற எமுலேட்டர்கள் அந்த மில்லிநொடிக் கணக்கைத் துல்லியமாகப் பின்பற்றுகின்றன. 2019-இல் வந்த ஜிபி ஸ்டூடியோவால், நிரலே எழுதத் தெரியாதவரும் விளையாட்டு செய்துகொண்டு வந்து நிற்கிறார். அவரையும் சமமாக உட்கார வைத்துப் பேசுவது இந்தச் சமூகத்தின் பெருமை. வாசல் அகன்றது நல்லதற்கே.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. டிஸ்கார்டில் எழுதியது உள்ளே சேர்ந்தவர்களுக்குத்தான். வெளியிலிருந்து கூகுளில் தேடுபவருக்கு அது அகப்படாது. நல்ல விளக்கம் ஒன்று காலையில் எழுதப்படும், மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். அன்று சிதறிக் கிடந்த விவரங்களைத் திரட்டி வைக்க ஓர் ஆவணம் இருந்தது: பான் என்ற புனைபெயர்க்காரர் 1995-இல் தொடங்கிய பான் டாக்ஸ். இன்றும் கேம்பாய் நிரலாளர் முதலில் திறப்பது அதைத்தான். இப்போது அது நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது, யாரும் திருத்தம் அனுப்பலாம். அரட்டையில் அருமையாகப் பதில் சொன்னவர் அன்றிரவே அதில் ஒரு பத்தி சேர்த்துவிட்டால், அடுத்தவர் அதே கேள்வியோடு அறைக்கு வரத் தேவையில்லை. அதற்கடுத்த கேள்வியோடு வருவார்.