கருவி வந்தாயிற்று, பேச்சு எப்போது வரும்?

செவித்திறன் இல்லாத குழந்தைகளுக்கு ஒலியை எட்டவைக்கக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பல லட்சம் ரூபாய் ஆகிற அந்தச் சிகிச்சை, தகுதியுள்ள குடும்பங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் எங்கள் திருவண்ணாமலை மாவட்டக் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஒரு குழந்தைக்குப் பேச்சு வருவது, சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் நடப்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி. கருவியை இயக்கிவைத்த அன்று குழந்தைக்குக் கேட்பது பொருளில்லாத சத்தம். செவித்திறன் உள்ள குழந்தை தாய் வயிற்றிலேயே கேட்கத் தொடங்கி, பிறந்து ஒரு வருடம் போலக் கேட்டுக்கொண்டே இருந்த பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. கருவி பொருத்திய குழந்தைக்கு அந்தக் கணக்கு இயக்கிவைத்த நாளில் தொடங்குகிறது. இதைக் ‘கேட்கும் வயது’ என்பார்கள். 4 வயதில் பொருத்திய பிள்ளைக்கு 5 வயதில் கேட்கும் வயது ஒன்றுதான். “ஆபரேஷன் பண்ணியும் பேசலையே” என்று அதற்குள் சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

சீக்கிரம் தொடங்குவதும் வீட்டில் பழக்குவதும்தான் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குள் செவித்திறன் குறை கண்டறியப்பட்ட 72 குழந்தைகளின் மொழித்திறன், பிறகு கண்டறியப்பட்ட 78 பேருடையதைவிடத் தெளிவாக மேலோங்கி இருந்தது. அங்கே கிடைத்த உதவியில் பெரும்பகுதி, பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பெற்றோரைப் பழக்கியதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை ஒலிக்கு வயதுக்கேற்றபடி பதில் தரத் தொடங்குகிறது என்று ஆய்வாளர் அனு சர்மா குழுவினர் 2002இல் காட்டினார்கள். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவும் பெற்றோரைப் பயிற்சிக்குள் இழுத்துவந்த, செவித்திறனற்ற குழந்தைகளுக்கான பள்ளிதான்.

வீட்டில் என்ன செய்வது? டி.வி.யை நிறுத்துங்கள், முடிந்தால் ஃபேனையும். குழந்தைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்காருங்கள். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். தினமும் காலையில் கருவியை மாட்டியதும், உதடு தெரியாதபடி ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். டேனியல் லிங் வகுத்த இந்த ஆறு ஒலிகள் பேச்சொலிகளின் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை தொட்டுவிடும். நேற்று வரை ‘ஸ்’ஸுக்குத் திரும்பிய பிள்ளை இன்று திரும்பவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பிள்ளை தூங்கி எழுந்தது முதல் படுக்கும் வரை கருவி தலையில் இருக்க வேண்டும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் மட்டும் கழற்றலாம்.

விடிந்ததும் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. தலை பின்னும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும். வீட்டிலிருக்கும் ஆயாவே இதில் பெரிய பயிற்சியாளர். உண்மையான தடை பயணம். பயிற்சிக்காகத் திருவண்ணாமலைக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. ஆகவே பயிற்சியாளர் ஒன்றியத்துக்கு வந்து தாய்க்கும் ஆயாவுக்கும் கற்றுத்தர வேண்டும். இலவசக் கருவி தரும் அரசு இதையும் தன் கடமையாகக் கொள்வதே முறை.

இன்னொரு மறுப்பு கனமானது. பேச்சையே வலியுறுத்துவது சைகை மொழியை இழிவுபடுத்தாதா என்று செவித்திறனற்றோர் சமூகம் கேட்கிறது. சைகை செய்த பிள்ளைகளின் கையைத் தட்டி அடக்கிய காலத்தை நினைத்தால் அந்தக் கோபம் சரியே. சைகை முழுமையான மொழி. கருவி பயன்தராத குழந்தைக்கு அதுவே வழி. பயன்தரும் குழந்தைக்கும் அது கேடு செய்யாது. ஆயினும் செவித்திறனற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மொழி தமிழ். அது குழந்தைக்கு எட்டும் வாய்ப்பிருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. எந்த மொழியும் எட்டாமல் 5 வயதைக் கடப்பதுதான் மோசம்.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிறவிச் செவிக்குறைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதே குழந்தையின் காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உட்காதின் பதிலொலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், வலிக்காது. அதில் சந்தேகம் வந்தால், 6 மாதம் முடிவதற்குள், ஒலிக்குச் செவி நரம்பு தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.