நேர்ல பார்த்தா நம்பிடுவோமா? எம்மாவு வழியில நடந்த கதை

கடவுள் பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்ற ஒரு விஷயம் இருக்கு: "நேர்ல வந்து நின்னா நம்பிடுவேன்ப்பா." நியாயமான பேச்சுதான். கண்ணால பார்த்தாத்தான் கணக்குன்னு பழகினவங்க நாம.

ஆனா, நேர்ல வந்து நின்னார், மணிக்கணக்கா கூடவே நடந்தார், அப்பவும் அவங்களுக்கு ஆள் யாருன்னு தெரியலைன்னு ஒரு கதை பைபிள்லயே இருக்கு. லூக்கா நற்செய்தி, 24-ஆம் அதிகாரம், 13-லிருந்து 35 வரைக்கும். மொத்தம் 23 வசனம். இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான். நீங்க வாராவாரம் சர்ச்சுக்குப் போறவங்களா இருக்கலாம், பைபிளைத் திறந்தே பார்க்காதவங்களா இருக்கலாம். முதல்ல ஒரு கதையா கேளுங்க.

கதை என்ன?

வெள்ளிக்கிழமை இயேசுவைச் சிலுவையில அறைஞ்சு கொன்னாச்சு. இப்போ ஞாயிற்றுக்கிழமை. காலையில கல்லறைக்குப் போன பெண்கள் திரும்பி வந்து, "உடல் அங்க இல்லை, அவர் உயிரோட இருக்கார்னு தூதர்கள் சொன்னாங்க"ன்னு சொல்றாங்க. சீடர்கள் நம்பலை. ஏதோ உளர்றாங்கன்னு தள்ளிவிட்டுடறாங்க.

அதே நாள், சீடர்கள்ல ரெண்டு பேர் எருசலேமை விட்டுக் கிளம்பி எம்மாவுங்கற கிராமத்துக்கு நடந்து போறாங்க. ஒருத்தர் பேர் கிலெயோப்பா. இன்னொருத்தர் பேரை லூக்கா சொல்லவே இல்லை. அது கிலெயோப்பாவோட மனைவியா இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. உறுதியா சொல்ல ஆதாரம் இல்லை.

வழியில ஒருத்தர் வந்து சேர்ந்துக்கறார். அவர்தான் இயேசு. வாசிக்கற நமக்குத் தெரியும், நடந்து போற அவங்களுக்குத் தெரியாது. என்ன பேசிக்கிட்டுப் போறீங்கன்னு அவர் கேட்கறார். ரெண்டு பேரும் முகம் வாடி அப்படியே நின்னுடறாங்க. எருசலேமுக்கு வந்து போறவங்கள்ல இந்த விஷயம் தெரியாத ஒரே ஆள் நீங்கதானான்னு கிலெயோப்பா கேட்கறார்.

இந்த இடத்துல லூக்காவோட குறும்பைக் கவனிக்கணும். நடந்தது என்னன்னு இந்த உலகத்துலயே முழுசா தெரிஞ்ச ஒரே ஆளைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் தெரியாதா?"ன்னு கேட்கறார். அவரும் அசராம, "எந்த விஷயம்?"னு திருப்பிக் கேட்கறார்.

எவ்வளவு தூரம் நடந்தாங்க?

எருசலேம்லிருந்து எம்மாவு 60 ஸ்தாதியோன் தூரம்னு லூக்கா எழுதறார். ஒரு ஸ்தாதியோன் ஏறக்குறைய 185 மீட்டர். பெருக்கிப் பார்த்தா 11 கிலோமீட்டர் வருது. சாதாரண நடையில ரெண்டரை மணி நேரம்.

ஆனா எல்லாக் கையெழுத்துப் பிரதியிலயும் 60 இல்லை. சினாய் பிரதின்னு சொல்ற 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க பைபிள்ல 160-னு இருக்கு. அதாவது 30 கிலோமீட்டர். இதனாலதான் எம்மாவு எதுன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை. அபு கோஷ், எல் குபெய்பா, மோட்சான்னு பல ஊர்களைச் சொல்றாங்க. ரொம்பப் பழைய மரபு காட்டறது நிக்கோப்போலிங்கற ஊரை. எருசலேமுக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்ல இருக்கு. பின்னாள்ல அரபியில அதுக்கு இம்வாஸ்னு பேர். எம்மாவுங்கற பேரோட சாயல் அதுல அப்படியே இருக்கு. 1967 போரின்போது இஸ்ரேல் ராணுவம் அந்த ஊர்ல இருந்த பாலஸ்தீனர்களை வெளியேத்திட்டு வீடுகளை இடிச்சிடுச்சு. இப்போ அந்த இடம் ஒரு பூங்கா. முன்பின் தெரியாத ஒருத்தரை வீட்டுக்குள்ள கூப்பிட்ட கதைக்குப் பேர்போன ஊர்ல இன்னைக்குக் கூப்பிட வீடே இல்லை.

ஊர் எதுவா இருந்தாலும் நமக்கு முக்கியமானது ஒண்ணுதான். இது கூட்டத்துல ஒரு நிமிஷம் முகம் பார்த்துட்டுத் தவறவிட்ட கதை கிடையாது. பக்கத்துல நடந்து, குரலைக் கேட்டு, கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அவ்வளவு நேரத்துக்கு அப்புறமும் தெரியலை.

தகவல்ல குறை இருந்ததா?

ஒரு சாஃப்ட்வேர் வேலை செய்யலைன்னா நாங்க முதல்ல பார்க்கறது, தேவையான டேட்டா உள்ள வந்ததாங்கறதைத்தான். கிலெயோப்பா பேசறதை அந்த மாதிரி வரிசையா எடுத்துப் பாருங்க. இயேசு ஒரு தீர்க்கதரிசி. சொல்லிலயும் செயல்லயும் வல்லமை உள்ளவர். தலைமைக் குருக்கள் அவரை மரண தண்டனைக்கு ஒப்படைச்சாங்க, சிலுவையில அறைஞ்சாங்க. இன்னைக்கு மூணாவது நாள். பெண்கள் கல்லறைக்குப் போனாங்க, உடல் இல்லை. தூதர்கள் அவர் உயிரோட இருக்கார்னு சொன்னாங்க. எங்க ஆளுங்க சிலர் போய்ப் பார்த்தாங்க, பெண்கள் சொன்னபடியேதான் இருந்தது. ஆனா அவரைப் பார்க்கலை.

ஒரு பாயின்ட் கூட விடலை. பின்னாள்ல சர்ச்சுகள்ல ஈஸ்டர் அன்னைக்குச் சொல்ற செய்தி கிட்டத்தட்ட முழுசா இதுல இருக்கு. அவரைப் பார்க்கலைங்கறதையும் அவர்கிட்டயேதான் சொல்றார்.

அப்போ குறை எங்க? நடுவுல வர்ற ஒரு வாக்கியத்துல. இஸ்ரயேலை மீட்கப்போறவர் இவர்தான்னு நினைச்சோமேங்கறார். அந்த இடத்துல இருக்கற கிரேக்க வினைச்சொல் 'எல்பிசோமென்'. கடந்த காலத்துல தொடர்ந்து நடந்ததைக் காட்டற காலம் அது. தமிழ்ல அதைச் சொல்ல நமக்கு அழகான வடிவம் இருக்கு: நம்பிக்கிட்டு இருந்தோம். அதாவது, இப்போ இல்லை.

அவங்க நம்பின மீட்பர் ரோமாபுரியோட ஆட்சியைத் தூக்கி எறியணும். ரோமர் கையாலயே சாகக்கூடாது. சிலுவையில செத்தவர் மீட்பரா இருக்க முடியாதுங்கற முடிவு மனசுல உறுதியா இருக்கு. கல்லறை காலியா இருக்குங்கற தகவல் வந்தாலும் அந்த முடிவுல போய் முட்டி நின்னுடுது.

கண்ணை யார் பிடிச்சாங்க?

அவங்க ஏன் அடையாளம் கண்டுக்கலைங்கறதுக்கு எளிமையான விளக்கங்கள் நிறைய உண்டு. மேற்கே நடந்தாங்க, சாயங்கால வெயில் கண்ணைக் கூசுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. அழுத கண்ணுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. லூக்கா இது எதையும் சொல்லலை. அவங்க கண்கள் 'பிடிக்கப்பட்டு' இருந்ததுங்கற பொருள்ல ஒரு செயப்பாட்டு வினையைப் போடறார். யார் பிடிச்சாங்கன்னு எழுவாய் கிடையாது. கடவுள்தான்னு ஒரு சாரார் வாசிக்கறாங்க. அவங்க துக்கமும் முன்முடிவும்தான்னு இன்னொரு சாரார் வாசிக்கறாங்க.

ஆனா, அவர் ஏன் தன்னை மறைச்சே வெச்சிருந்தார்ங்கறதுக்கு இந்தக் கதைக்குள்ளயே ஒரு விடை இருக்குன்னு நான் நினைக்கறேன். முதல் அடியிலயே "நான்தான்"னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சந்தோஷத்துல குதிச்சிருப்பாங்க. ஆனா பழைய எதிர்பார்ப்பு அப்படியே இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஏதோ கோளாறு ஆயிடுச்சு, இப்போ தலைவர் திரும்பி வந்துட்டார், விட்ட இடத்துலருந்து ரோமாபுரியோட மோதலாம்! பக் இருக்கற புரோகிராமை ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான். கொஞ்ச நேரம் ஓடும், அதே இடத்துல திரும்ப விழும்.

அதனால அவர் முகத்தைக் காட்டறதுக்கு முன்னாடி புத்தகத்தைத் திறக்கறார். புத்தி மந்தமா இருக்கீங்களேன்னு கடிஞ்சுக்கிட்டு, மோசேயிலிருந்து தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளையும் எடுத்து விளக்கறார். மீட்பர் பாடு படணும்ங்கறது அந்த எழுத்துகள்லயே இருக்குன்னு காட்டறார். அந்நேரம் அவங்க மனசு உள்ளுக்குள்ள எரிஞ்சதுன்னு பிறகு அவங்களே சொல்லிக்கறாங்க. எரிஞ்சது, ஆனா அப்பவும் ஆளைத் தெரியலை.

ஒரு ஓவியம், ஒரு நிபுணர்

'எதிர்பார்ப்பு கண்ணைக் கட்டும்'னு சொன்னா கொஞ்சம் மிகையாத் தோணலாம். இதே எம்மாவு காட்சியை வெச்சு நடந்த ஒரு உண்மைச் சம்பவம் இருக்கு.

1937-ல ஒரு ஓவியம் வெளிய வருது. எம்மாவுல இயேசு அப்பம் பிட்கற காட்சி. 17-ஆம் நூற்றாண்டு மேதை வெர்மீர் வரைஞ்சதுன்னு, ஆபிரகாம் பிரேடியஸ்ங்கற மூத்த கலை நிபுணர் சான்று கொடுக்கறார். வெர்மீரோட தலைசிறந்த படைப்பே இதுதான்னு எழுதறார். 5 லட்சம் கில்டருக்கு மேல கொடுத்து ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்காக வாங்கறாங்க.

வரைஞ்சது ஹான் வான் மேகரன்ங்கற போலி ஓவியர். வெர்மீர் இளவயசுல இத்தாலிய ஓவியர் கரவாஜியோ பாணியில பைபிள் காட்சிகள் வரைஞ்சிருக்கணும்னு நிபுணர்கள் மத்தியில ஒரு ஊகம் இருந்தது. அவங்க எதைத் தேடினாங்களோ அதையே இவர் வரைஞ்சு கொடுத்துட்டார். நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போன இன்னொரு 'வெர்மீர்' காரணமா 1945-ல கைதானப்போ, தேசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு பயந்து, எல்லாம் நான் வரைஞ்ச போலின்னு அவரே ஒத்துக்கிட்டார். சாட்சிகள் முன்னாடி புதுசா ஒண்ணு வரைஞ்சும் காட்டினார்.

பிரேடியஸ் வாழ்நாள் முழுக்கப் பழைய ஓவியங்களைப் பார்த்தே கண்ணைப் பழக்கினவர். அவருக்கு எதிர்பார்ப்பு இல்லாததைக் காட்டுச்சு. எம்மாவு வழியில போன ரெண்டு பேருக்கு அது இருந்ததை மறைச்சது.

சாப்பாட்டு மேஜையில

இப்போ ஊர் வந்தாச்சு. அவர் இன்னும் தூரம் போறவர் மாதிரி நடையைக் கட்டறார். எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப முக்கியமான நொடி இதுதான். அவங்க "சரிங்க, பார்க்கலாம்"னு சொல்லியிருந்தா, கதை அங்கயே முடிஞ்சிருக்கும். வழியில ஒரு நல்ல மனுஷரைப் பார்த்தோம், நல்லாப் பேசினார். அவ்வளவுதான்.

அவங்க விடலை. பொழுது சாஞ்சிடுச்சு, தங்கிட்டுப் போங்கன்னு வற்புறுத்தறாங்க. இயேசுன்னு தெரிஞ்சு கூப்பிடலை. ராத்திரியில தனியா நடக்கப்போற ஒரு வழிப்போக்கரைக் கூப்பிடறாங்க. நம்ம தமிழ்ல 'விருந்து'ங்கற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதுசா வந்தவர். சாப்பாடுங்கற அர்த்தம் பின்னாடி வந்தது. அந்தப் பழைய பொருள்ல பார்த்தா, அன்னைக்கு அவங்க வீட்டுக்குள்ள கூப்பிட்டது அசல் விருந்து.

உள்ள வந்து உட்கார்ந்ததும் ஒரு விசித்திரம். அப்பத்தை எடுத்து இறைவனைப் போற்றிப் பிட்டுக் கொடுக்கறது யூத வீட்டுல வீட்டுக்காரர் செய்யற வேலை. இங்க விருந்தாளி செய்யறார். எடுத்தார், போற்றினார், பிட்டார், கொடுத்தார். 5,000 பேருக்கு உணவு கொடுத்த காட்சியிலயும் லூக்கா இதே நாலு செயலை இதே வரிசையில எழுதியிருக்கார். கடைசி இரவு உணவுலயும் கிட்டத்தட்ட இதேதான்.

அந்த நொடியில அவங்க கண்கள் திறக்கப்படுது. உடனே அவர் மறைஞ்சு போறார்.

கண் திறக்கப்பட்டதுன்னு சொல்ற இந்த வாக்கியத்துக்குள்ள ஒரு எதிரொலி இருக்கு. ஆதியாகமத்துல ஆதாமும் ஏவாளும் பழத்தைச் சாப்பிட்டதும் ரெண்டு பேரோட கண்ணும் திறக்கப்பட்டது, தாங்க நிர்வாணமா இருக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு வரும். அதோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல இருக்கற அதே வினையைத்தான் லூக்காவும் போடறார். அங்க சாப்பிட்டதும் ஒளிஞ்சுக்கிட்டாங்க. இங்க சாப்பிடும்போது எழுந்து ஓடறாங்க. ஆமா, அதே நேரமே கிளம்பி எருசலேமுக்குத் திரும்பறாங்க. எருசலேம் மலைமேல இருக்கற ஊர், அதனால திரும்பற வழி ஏத்தம். ராத்திரி ஆபத்துன்னு இன்னொருத்தரை நிறுத்தி வெச்சவங்க அதே ராத்திரியில கிளம்பிட்டாங்க. மூச்சு வாங்க வந்து சேர்ந்தா, இவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அங்க இருக்கறவங்க, "ஆண்டவர் சீமோனுக்குக் காட்சி கொடுத்துட்டார்"னு சொல்லிடறாங்க. பிரேக்கிங் நியூஸ் கொண்டு வந்தவங்களுக்கு முன்னாடியே நியூஸ் பிரேக் ஆயிடுச்சு!

ஏன் மறைஞ்சு போனார்?

கடைசியா, நாம தொடங்கின கேள்வி. லூக்கா நேர்ல பார்த்த சாட்சி இல்லை. பார்த்தவங்க சொன்னதை விசாரிச்சு எழுதறேன்னு தன் புத்தகத்தோட தொடக்கத்துலயே சொல்லிடறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அவர் எழுதின காலம் கி.பி. 80 முதல் 90-க்குள்ளன்னு கணிக்கறாங்க. அதாவது, முதல் வாசகர்கள்ல பெரும்பாலானவங்க இயேசுவைக் கண்ணால பார்க்காதவங்க. அவங்களுக்கும், "நாம அங்க இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே"ங்கற ஏக்கம் இருந்திருக்கணும்.

அவங்களுக்கு லூக்கா சொல்ற பதில்தான் இந்தக் கதைன்னு நான் வாசிக்கறேன். அங்க இருந்த ரெண்டு பேர் முகத்தையே பார்த்துக்கிட்டு நடந்தாங்க, தெரியலை. எழுத்துகளைத் திறந்து பேசினப்போ மனசு எரிஞ்சது. ஒரு அந்நியரை உள்ள கூப்பிட்டு அப்பம் பிட்டப்போ தெரிஞ்சது. தெரிஞ்சதும் முகம் மறைஞ்சது. எழுத்தும், மேஜையும், அந்நியரும் மிச்சம். அந்த மூணும் உங்ககிட்டயும் இருக்கே, அப்போ நீங்க எதையும் தவறவிடலைங்கறார் லூக்கா.

இயேசு உயிர்த்தெழுந்தார்ங்கறதை நீங்க நம்பறீங்களா இல்லையாங்கறது உங்க முடிவு. அதுக்கு இந்த எபிசோட் ஆதாரம் கொடுக்கலை, லூக்காவும் இந்த 23 வசனத்துல நிரூபணம் எதையும் எழுதி வைக்கலை. ஆனா "நேர்ல வந்தா நம்பிடுவேன்"னு அடுத்த தடவை யாராவது சொன்னா, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "வந்தவர் நீ எதிர்பார்த்த மாதிரி இல்லைன்னா, சாப்பிடக் கூப்பிடுவியா?"

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.