பெனலுக்கு நடுவில் என்ன இருக்கிறது? கட்டிடக் கலைஞர் தொழிலும் நமது காசும்

எமது ஹார்ட்வெயார் கடையில் பல வருடங்களாக அலுமினியம் பெனல் விற்று வந்தேன். நான்கடிக்கு எட்டடித் தகடு. கடை முகப்பைப் பளபளப்பாக்குவதற்கு நமது வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். என்ன நிறம் இருக்கிறது, எத்தனை மில்லிமீற்றர், எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்ன வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் எனக்குத் தந்தவரிடம் கேட்டதில்லை.

முதன்முதலில் கேட்டவர் எமது ஊரைச் சேர்ந்த ஓர் இளம் கட்டிடக் கலைஞர். "நானா, இதன் நடுப்பகுதி பிளாஸ்டிக்கா, தீ தாங்கும் வகையா? சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்றார். உடனே இறக்குமதியாளருக்குக் கோல் எடுத்தேன். "எல்லாரும் விற்கிற சாமான்தானே ஹாஜியார்" என்று மட்டும் பதில் வந்தது. தம்பி ஒரு தகடுகூட வாங்காமல் போய்விட்டார். நல்ல ஓடர் ஒன்று கைநழுவிய கோபம் எனக்கு. மறுமுறை கண்டபோது, "இதையெல்லாம் கெம்பஸில் படித்ததா?" என்று சற்றுக் குத்தலாகவே கேட்டேன். "இல்லை நானா, நான் படிக்கும்போது இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகு சி.பீ.டீ. விரிவுரை ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன்" என்றார்.

சி.பீ.டீ. என்பது தொடர் தொழில்சார் அபிவிருத்தி. பட்டம் பெற்று, பரீட்சை எழுதி, பதிவும் பெற்ற ஒருவர் அத்துடன் படிப்பை மூட்டை கட்டி வைக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. பிரித்தானியாவின் அரச கட்டிடக் கலைஞர் நிறுவகம் தனது அங்கத்தவர்களிடம் ஆண்டுக்கு 35 மணித்தியாலம் கேட்கிறது. அமெரிக்க நிறுவகம் 18 மணித்தியாலம் கேட்கிறது. அதில் 12 மணித்தியாலம் மக்களின் சுகாதாரம், பாதுகாப்பு, நலன் பற்றியதாக இருக்க வேண்டும். கட்டிடப் பொருள், சட்டம், காலநிலை எல்லாம் மாறும்போது முப்பது வருடத்துக்கு முந்திய அறிவை வைத்து வரைந்தால் அதன் நட்டத்தைக் கட்டிடத்துக்குள் இருப்பவர்தான் சுமக்க வேண்டும்.

இதற்கு இலண்டன் கிரென்பெல் கட்டிடத்தைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. 24 மாடி. 2016 இல் முடிந்த புனரமைப்பில் வெளிச்சுவருக்கு அலுமினியம் பெனல் போர்த்தினார்கள். நடுப்பகுதி பொலிஎதிலீன், அதாவது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அதிகாலை நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் பற்றிய நெருப்பு வெளிச்சுவர் வழியே உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தனர். அது ரமழான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயலவர்களின் கதவுகளைத் தட்டி எழுப்பியதை அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அத்தனை மாடிக்கும் இருந்தது ஒரே ஒரு மாடிப்படி.

2024 செப்டெம்பரில் வெளியான விசாரணை இறுதி அறிக்கை பலரையும் குற்றம் கண்டது. புனரமைப்பை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் அலுவலகத்துக்கு உயர்மாடிக் கட்டிடத்துக்குப் பெனல் போர்த்திய அனுபவமே இருக்கவில்லை. அந்தப் பொருளின் ஆபத்தையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. இதற்கிடையில் அந்நாட்டில் 2022 இல் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024 முதல் தொடர் கல்வியைப் பதிவு செய்து காட்டினால்தான் கட்டிடக் கலைஞராகப் பதிவில் நிலைக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முன்பு தொழிலுக்கு அழகு என்று கருதப்பட்ட விடயம் இன்று தொழில் செய்வதற்கே நிபந்தனையாகி விட்டது.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கெல்லாம் இந்த விரிவுரைகளில் கணிசமானவற்றை நடத்துவது பொருள் உற்பத்தி செய்யும் கம்பனிகளே. கட்டிடக் கலைஞர் பிளானில் எழுதும் பொருளைத்தான் கொந்தராத்துக்காரர் வாங்குவார் என்பதால், பகலுணவும் கொடுத்துப் பாடமும் நடத்துவார்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தால் கெட்டித்தனமான வேலைதான். ஆனால் விற்பவனே ஆசிரியனாக இருந்தால் எல்லாம் சொல்லிக் கொடுப்பானா? கிரென்பெல்லுக்குப் பெனலும் காப்புப் பொருளும் தயாரித்தவர்கள் தீச் சோதனை முடிவுகளை மறைத்தும் திரித்தும் சந்தையை ஏமாற்றியதாக அதே அறிக்கை கண்டறிந்தது. நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. நான் தெரிந்து மறைக்கவில்லைதான். ஆனால் தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. சான்றிதழ் இல்லாத பெனலை இப்போது நான் எடுப்பதில்லை. விற்பனை குறைந்துதான் போனது.

நமது நாட்டில் இலங்கைக் கட்டிடக் கலைஞர் நிறுவகம் 1957 இல் ஆரம்பிக்கப்பட்டு, 1976 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. 1996 இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டத்தின் மூலம் கட்டிடக் கலைஞர் பதிவுச் சபை ஏற்பட்டது. நிறுவகமும் சி.பீ.டீ. விரிவுரைகளை நடத்துகிறது. ஆகவே கடையோ ஸ்டோரோ கட்டப் போகிறவர் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பிளான் வரைபவர் எல்லாரும் கட்டிடக் கலைஞர் அல்லர். அண்மையில் எந்த விரிவுரைக்குப் போனீர்கள் என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம். வாகனம் திருத்தக் கொடுக்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம், கோடி ரூபாய்க் கட்டிடத்துக்கு ஒன்றும் கேட்பதில்லை.

இத்தொழிலுக்குச் சமூக சேவை என்றொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2002 இல் ஆரம்பமான ஓர் அமைப்பு, கட்டிடக் கலைஞர் அலுவலகங்களிடம் வேலை நேரத்தில் 1 வீதத்தைச் சமூகத்துக்குத் தரும்படி கேட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மணித்தியாலம். காசுக்கு இரண்டரை வீதம் கணக்குப் பார்க்கும் நமக்கு, நேரத்துக்கும் வீதம் போடலாம் என்பது புதுமையாகப் படவில்லையா?

இலங்கையில் இதற்கு நல்ல சாட்சி அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்த. 2004 சுனாமியில் அழிந்த முஸ்லிம் மீனவக் கிராமம். ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ஷிகெரு பான் அங்கு வீடுகளை வடிவமைத்தார். அழுத்திய மண் கற்கள், இறப்பர் மரப் பலகை, எல்லாம் இந்நாட்டுப் பொருட்கள். அவர் அம்மக்களின் வாழ்க்கையைப் பார்த்து வரைந்தார் என்பதுதான் முக்கியம். அறைகளுக்கும் சமையலறைக்கும் நடுவில் கூரை போட்ட முற்றம் ஒன்று வைத்தார். விருந்தாளி வந்தால் ஆண்கள் அமரவும், மீன்பிடிச் சாமான்களைத் திருத்தவும் அது உதவியது. அவ்வீடுகள் 2013 இல் ஆகா கான் கட்டிடக் கலை விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை சென்றன. சுனாமிக்குப் பின் எத்தனையோ நிறுவனங்கள் எங்கோ வரைந்த ஒரே பிளானை எல்லா ஊரிலும் நட்டுவிட்டுப் போனதையும் நாம் பார்த்தோமே.

எமது ஊர் மத்ரஸா விடுதிக்கு மேல்மாடி எழுப்ப முடிவானபோது, பெனல் கேட்ட அதே தம்பி காசு வாங்காமல் வரைந்து தந்தார். அறுபது பிள்ளைகள் உறங்கும் மண்டபம். பழைய பிளானில் ஒரே மாடிப்படி. ஜன்னல்களுக்கு நிரந்தரக் கம்பி. அவர் மறுகோடியில் இரண்டாவது படி வைத்தார். கம்பிகளில் சிலவற்றுக்குக் கீல் போட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி குறித்தார். எட்டுக் கட்டில் குறைகிறதே, செலவும் கூடுகிறதே என்று நிருவாக சபையில் முதலில் எதிர்த்தவன் நான்தான். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. "நானா, இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் பற்றினால் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று மட்டும் காட்டுங்கள்" என்று பிளானை என் முன்னால் விரித்தார். நான் விரலை வைத்த இடத்தில் மின்சாரப் பலகை இருந்தது.

இலவசம் என்றதும் சபையில் இருவர் தம் வீட்டுப் பிளானையும் அவரிடம் நீட்டியது வேறு கதை. சேவைக்கும் எல்லை உண்டு. தூண், பீம் கணக்குக்குப் பொறியியலாளர் ஒருவரைக் காசு கொடுத்தே வைத்தோம்.

இரண்டாவது படி சென்ற மாதம் மேல்தளம் வரை கொங்கிரீட் போட்டு முடிந்தது. கைப்பிடியும் கம்பிக் கதவுகளும் பாக்கி. அவற்றுக்குரிய இரும்பைக் கொள்விலைக்கே கொடுப்பதாகச் சபையில் சொல்லியிருக்கிறேன்.