மோட்டாரின் திண்ணை

பழைய காலத்து வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, பழைய காலத்து மோட்டாருக்கு ஃபுட்போர்டு அப்படி. முன் சக்கரத்து மட்கார்டு முடிகிற இடத்தில் தொடங்கிப் பின் சக்கரத்து மட்கார்டு வரையில், கதவுக்கு அடியில் ஓடுகிறதே ஒரு நீளப் பலகை, அதைத்தான் சொல்கிறேன். ஏறி இறங்குவதற்கு என்றுதான் அதை வைத்தார்கள். நம்மவர்கள் அதோடு விட்டார்களா? பெட்ரோல் டின்னும் தண்ணீர் டின்னும் அதன் மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்தன. கல்யாண ஊர்வலத்தில், உள்ளே இடம் கிடைக்காத வாலிபர்கள் அதில் தொற்றிக் கொண்டார்கள். தலைவர்கள் அதன் மேல் நின்று ஜனங்களைக் கும்பிட்டார்கள். சினிமாவில் துப்பறிகிறவர் ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் துப்பாக்கியை நீட்டியதும் அங்கே நின்றுதான்.

ஆசையாக இருக்கிறதே என்று இன்று யாரும் ஏறி விடாதீர்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு இந்தப் பலகைக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது. ஃபுட்போர்டில் ஆளை ஏற்றிப் போகவும் கூடாது. யாரும் ஏறிப் போகவும் கூடாது.

பலகையே மறைந்து போன பிறகு சட்டம் என்னத்துக்கு என்கிறீர்களா? சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால், உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. அதற்கு முன்பாகவே இருங்காட்டுக்கோட்டையில், 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் பிறந்து கொண்டிருக்கின்றன. தெற்கே சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் திரும்பினால் ஒரகடம். அங்கே 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஒரு தொழிற்சாலை தொடங்கின. 2012-ல் பாரத் பென்ஸ் லாரியும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் அந்த வட்டாரத்திலிருந்து வெளிவரலாயின. இத்தனை வண்டிகளில் பழைய மாதிரி ஃபுட்போர்டு ஒன்றுக்காவது இருக்கிறதா? லாரிக்குப் படி உண்டு, பலகை கிடையாது.

ஆனால் பழைய வண்டியைப் பாதுகாக்க ஆசைப்படுகிறவர், இந்தப் புதுக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற விதத்தை ஒரு தடவை தெரிந்து கொள்வது நல்லது. கார் தொழிற்சாலையில் கன்னைத் தூக்கிக் கொண்டு யாரும் நேரே வந்து விடுவதில்லை. தகரக் கூட்டை முதலில் எண்ணெய்ப் பசை போகக் குளிப்பாட்டுகிறார்கள். பிறகு பாஸ்பேட் குளியல். அதற்கும் பிறகு, பெயின்ட் கலந்த நீர்த் தொட்டியில் கூட்டை முழுக்க மூழ்க வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். பெயின்ட் தானாகவே இரும்பைத் தேடி வந்து ஒட்டிக் கொள்கிறது. கை நுழையாத இண்டு இடுக்குகளிலும் போய் ஒட்டுகிறது. அதன் கனம் 20 மைக்ரான் அளவுதான். பிறகு, 160, 170 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். கலர் என்று நாம் கண்ணால் காண்பதெல்லாம் இதன் மேல் வருகிற அலங்காரம். துருவைத் தடுக்கிற காவல்காரன் அடியில் இருக்கிற அந்த முதல் பூச்சுதான்.

இந்த மின்சாரக் குளியலை ஃபோர்டு கம்பெனி 1960-களில் பழக்கத்துக்குக் கொண்டு வந்தது. உங்கள் வண்டியோ அதற்கும் மூத்தது. 1947-லிருந்து 1955 வரையில் வந்த ஷெவர்லே பிக்கப் என்று வைத்துக் கொள்வோம். மாமனார் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் கோழிகள் முட்டையிட இடம் கொடுத்துக் கொண்டிருந்ததை நீங்கள் மீட்டு வந்து விட்டீர்கள். என்ஜின் இருமிக் கொண்டாவது கிளம்புகிறது. ஃபுட்போர்டு மட்டும் அப்பளமாக நொறுங்குகிறது. ஏன் அது மட்டும்?

இடம் அப்படி. முன் சக்கரம் வாரியடிக்கிற கல்லும் சேறும் நேரே அதன் அடிவயிற்றில்தான் போய் விழுகின்றன. மேலே செருப்பும் பூட்ஸும் தேய்க்கின்றன. மட்கார்டும் பலகையும் சேருகிற மூட்டில் மண் அடைந்து, மழைக் காலத்தில் ஈரப் பஞ்சு மாதிரி நாள் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. போதாததற்கு, வழுக்காமல் இருக்கட்டும் என்று மேலே ரப்பர் விரிப்பு ஒன்றை ஒட்டி விடுகிறோம். அதன் ஓரத்தில் நுழைகிற தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. மேலே பார்த்தால் ரப்பர் பளபளவென்று இருக்கும். கீழே இரும்பு பொடிப் பொடியாய் உதிர்ந்து கொண்டிருக்கும்.

ஆகவே, வேலை தொடங்குவது மேலே அல்ல, கீழே. போல்ட்டுகளைக் கழற்றிப் பலகையை வண்டியிலிருந்து தனியே எடுத்து விடுங்கள். “வண்டியிலேயே வைத்து அடித்து விடலாம் சார்” என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். எடுத்த பலகையைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் இங்கும் அங்கும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு; சொத்தென்றால் துரு. சொத்தென்ற இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது டிங்கருடைய வேலை. ஓட்டையில் பட்டியை அப்பி மூடுவது வேலையே அல்ல; ஏமாற்று. மனிதன் கால் வைத்து ஏறுகிற இடம் இது. பட்டி நிற்குமா?

பழைய பெயின்ட்டை எடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்ட்டிலும், அடியில் பூசிய செந்தூரத்திலும் ஈயம் இருந்தது. உலர்ந்தபடியே கிரைண்டரை வைத்து ஓட்டினால் அந்தத் தூள் உங்கள் மூச்சில் போவதோடு, சட்டையில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வந்து விடும். குழந்தைகளுக்கு அது பெருங்கெடுதல். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதோ, பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டுவதோ மேல். மணலடித்துச் சுத்தம் செய்கிறவர்களிடம் கொடுக்கலாம்; ஆனால் மெல்லிய தகட்டில் வேகமாக அடித்தால் தகடு நெளிந்து விடும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

மிச்சமிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து கடைகளில் கிடைக்கிறது. பூசி, ஊற விட்டு, நன்றாகக் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். “உடனே” என்பது முக்கியம். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பைச் சாயங்காலம் வைத்து விட்டுப் போனால், மறு நாள் காலையில் மஞ்சள் பூசிக் கொண்டு காத்திருக்கும். வியர்த்த விரல் பட்ட இடத்தில் ரேகையே துருவாகப் பதியும். ஆகையால், உலர்ந்த அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். அடிப் பக்கத்துக்கு முதல் மரியாதை. மடிப்புகளிலும் வெல்டிங் தையல்களிலும் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். மின்சாரம் இல்லாத குறையை அந்தப் பிரஷ்தான் தீர்க்க வேண்டும். பிரைமருக்கு மேல், அடிப் பக்கத்தில் கல்லடி தாங்குகிற ரப்பர் மாதிரியான கோட்டிங் ஒன்று. பலகையின் மடிப்பில் தண்ணீர் வடிவதற்குத் துவாரங்கள் இருக்கும்; அவற்றை மட்டும் மூடி விடாதீர்கள்.

கலர் என்ன? கறுப்புதான். 1914-லிருந்து 1925 வரையில் ஃபோர்டின் ‘மாடல் டி’ கறுப்பு ஒன்றிலேதான் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மற்றக் கம்பெனிகள் கலர் கலராக வார்னிஷ் பெயின்ட் பூசி வாரக் கணக்கில் காய வைத்துக் கொண்டிருக்க, ஃபோர்டு மட்கார்டையும் பலகையையும் கறுப்பு எனாமலில் நனைத்து, அடுப்பில் சுட்டு அனுப்பிக் கொண்டிருந்தது. 1924-ம் வருஷத்து ஓக்லண்ட் கார்களில் ‘டூகோ’ வந்த பிறகுதான் சீக்கிரம் காய்கிற கலர்கள் பெருகின. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சிலர் கார் பெயின்ட்டுக்கே டூகோ என்று பெயர் சொல்கிறார்களே, அது அந்த வம்சம்தான். உடம்புக்குக் கலர் வந்த பிறகும், பல ட்ரக்குகளில் பலகை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சேறு படுகிற இடத்துக்குப் பச்சையும் நீலமும் எதற்கு?

டூகோ ஜாதிப் பெயின்ட்டை ஐப்பசி அடைமழையில் அடித்தால் பால் கொட்டினாற்போல் வெளுத்து விடும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் பெயின்ட்டின் மேல் படிகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை. பங்குனி வெயில் வரட்டும் என்று காத்திருங்கள்.

இனி, இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். இன்று பட்டறைக்குப் போனால், “பி.யூ. அடிக்கலாம் சார், கண்ணாடி மாதிரி இருக்கும்” என்பார்கள். இருக்கும்தான். அந்தப் பெயின்ட்டோடு கலக்கிற ஹார்டனரில் ஐஸோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது எழும் புகை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. கன்னை நிறுத்திய பின்னும் சில நிமிஷங்கள் அறைக்குள் மிதந்து கொண்டிருக்கும். அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரும். பிரிட்டனில் தொழிலால் வருகிற ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. ஒரு தடவை உடம்பு அதை விரோதியாக எடுத்துக் கொண்டு விட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மார்பு இறுகும். அந்தப் பெயின்ட்டர் தன் தொழிலையே விட வேண்டி வரலாம். பெரிய தொழிற்சாலையில் மூடிய அறைக்குள் யந்திரக் கை ஸ்ப்ரே செய்கிறது. சாலையோரக் கொட்டகையில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக் கொண்டு மனிதன் செய்கிறான். கைக்குட்டை இதற்கு எந்த விதத்திலும் காப்பு அல்ல. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டு வருகிற முகமூடி வேண்டும். அது இல்லாத இடத்தில் பி.யூ. கேட்காதீர்கள். கேட்கிறவர் நீங்கள், மூச்சு அவருடையது.

என் கட்சி இதுதான்: ஃபுட்போர்டுக்கு, ஹார்டனர் கலக்காத சாதாரண சிந்தெடிக் எனாமல் கறுப்பு போதும். காய ஒரு நாள் கூடுதலாகும். ஆகட்டுமே! ஜன்னல் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு பிரஷ்ஷாலேயே பூசலாம். பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும், பழைய வண்டிக்கு அதுவே பாந்தமாக இருக்கும். கீறல் விழுந்தால், நீங்களே ஒரு தொடு தொட்டுக் கொள்ளலாம்.

சொரசொரப்பான கறுப்பு லைனிங் ஒன்றைப் பலகை முழுதும் அடித்து விடுகிற நாகரிகம் இப்போது பரவி வருகிறது. வழுக்காது என்பது உண்மை. ஆனால் அடியில் துரு தொடங்கினால் வெளியே தெரியாது. தெரிகிறபோது பலகை போயிருக்கும். வழுக்காமல் இருக்க, கால் வைக்கிற இடத்தில் மட்டும் ரப்பர் துண்டு போதும். அதையும் ஒட்டாமல், கழற்றிக் கழுவும்படி திருகில் பொருத்துங்கள்.

2021-ல் மத்திய சர்க்கார் பழம் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருஷத்துக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாறுதல் கூடாது. பெயின்ட் அடிப்பதை யாரும் மாறுதல் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் பலகையையே எடுத்தெறிந்து விட்டு, நவநாகரிகக் குழாய்ப் படி மாட்டும் யோசனை இருந்தால் கை வைக்குமுன் யோசியுங்கள். உங்கள் பிக்கப் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால், இந்த விதி அதற்குப் பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே விசாரித்துக் கொள்வது நல்லது.

பலகையைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவுங்கள். மட்கார்டுக்கும் பலகைக்கும் நடுவே வருகிற நாடாவைப் புதிதாகப் போடுங்கள். மழையில் ஓட்டி வந்தால், மேலே துடைப்பதற்கு முன் குழாயைக் கீழே பிடித்து மூட்டுகளில் உள்ள சேற்றைக் கரைத்து விடுங்கள். கார்த்திகை கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொண்டு போய், அந்த வடிகால் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். மண் வந்தால் தட்டி விட்டு, அடுத்த துவாரத்துக்குப் போகலாம்.